திரையில் ஓடும் ரயிலுக்குப் பாயிண்ட் ஃபீட்பேக் எதற்கு? – ஜே.எம்.ஆர்.ஐ. சிமுலேஷன்

2024 மார்ச் 2, இரவு 9.40 – கேள்வி

ஜே.எம்.ஆர்.ஐ.யில் (மாடல் ரயிலைக் கணினியால் ஓட்டும் இலவச மென்பொருள்) ஒரு யார்டு வரைந்திருக்கிறேன். வன்பொருள் எதுவும் கிடையாது, எல்லாம் கணினிக்குள்தான். நாலு பாயிண்ட், அஞ்சு லைன். பாயிண்ட் என்றால் தண்டவாளம் பிரியும் இடம், ஜே.எம்.ஆர்.ஐ. அதை டர்ன்அவுட் என்கிறது. அத்தனையும் இன்டர்னல் டர்ன்அவுட் (கணினிக்குள் மட்டும் இருப்பது), ஃபீட்பேக் (பாயிண்ட் எங்கே நிற்கிறது என்று திரும்பி வரும் தகவல்) 'டைரக்ட்'. கிளிக் செய்தால் உடனே மாறுகிறது, ரூட் (பல பாயிண்டை ஒரே கட்டளையில் அமைப்பது) போட்டாலும் மாறுகிறது. சிமுலேஷனாக இருந்தாலும் இரண்டு சென்சார் ஃபீட்பேக் வைக்கச் சொல்லிப் பல இடங்களில் எழுதுகிறார்கள். என் கட்சி: திரையில் இருக்கிற பாயிண்ட் சிக்காது, மோட்டார் எரியாது, ஆகவே ஃபீட்பேக் வீண் வேலை. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும். இன்னொன்று, ப்ரோகிராமைத் திறந்ததும் டேபிளில் எல்லாப் பாயிண்டும் 'அன்நோன்' என்று நிற்கிறது. அது ஏன்?

மார்ச் 2, இரவு 10.25

பாதி சரி. சிக்காது என்பது உண்மை, சிக்கலே அதுதான்.

ஜே.எம்.ஆர்.ஐ.யில் ஒவ்வொரு டர்ன்அவுட்டுக்கும் இரண்டு நிலை உண்டு. ஒன்று கட்டளை நிலை, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது. இன்னொன்று தெரிந்த நிலை, பாயிண்ட் நிஜத்தில் எங்கே நிற்கிறது என்று மென்பொருள் நம்புவது. 'டைரக்ட்' முறையில் கட்டளை போன கணமே தெரிந்த நிலையும் அதுவாகிவிடும். சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கிளிப்பிள்ளை. போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதில்லை.

நிலைகள் மொத்தம் நாலு, உள்ளே எண்களாக இருக்கும்: அன்நோன் (தெரியாது) 1, குளோஸ்டு (வழக்கமாக நேர்ப்பாதை) 2, த்ரோன் (மறுபக்கம் தள்ளியது) 4, இன்கன்சிஸ்டன்ட் (இரண்டிலும் சேராதது) 8. டைரக்ட் முறையில் எட்டு என்ற எண்ணை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். பாயிண்ட் நகர்ந்துகொண்டிருக்கும் நேரம், பாதியில் நின்ற நேரம் இரண்டுக்கும் உள்ள எண் அது. அதைப் பார்க்காமலே சிக்னல் லாஜிக் எழுதினால், அந்த லாஜிக்கில் பாதி சோதிக்கப்படாமலே கிடக்கும்.

கணக்காகச் சொன்னால்: டார்டாய்ஸ் மாதிரி மெதுவாக நகரும் மோட்டார் 12 வோல்ட்டில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகச் சுமார் 3 நொடி. ஹெச்.ஓ. என்ற மாடல் அளவு 1:87. நிஜத்தில் மணிக்கு 60 கி.மீ. என்றால் மாடலில் நொடிக்குச் சுமார் 19 செ.மீ. மூன்று நொடியில் 57 செ.மீ. நடுத்தர ஹெச்.ஓ. பாயிண்ட் ஒன்றின் நீளம் 22 செ.மீ. அளவுதான். நாக்கு (பாயிண்டில் நகரும் தண்டவாள முனை) நகர்ந்து முடிவதற்குள் வண்டி இரண்டரைப் பாயிண்டைத் தாண்டியிருக்கும். டைரக்ட் முறையில் உங்கள் சிக்னல் அதற்குள் பச்சை காட்டிவிட்டது.

மார்ச் 2, இரவு 10.50

அன்நோன் கேள்வியை விட்டுவிட்டேன். கோளாறு இல்லை, சரியான நடத்தை. இன்டர்னல் டர்ன்அவுட்டுக்குப் பின்னால் இரும்பு எதுவும் இல்லை, திறக்கும்போது அதன் நிலையைச் சொல்ல ஆள் இல்லை. வேண்டியது ஒரு தொடக்க ரூட்: எல்லாப் பாயிண்டையும் குளோஸ்டு ஆக்கும் ரூட் ஒன்று செய்து, பிரிஃபரன்சஸில் ஸ்டார்ட்-அப் பட்டியலில் சேருங்கள். வரிசை முக்கியம். முதலில் பேனல் கோப்பைத் திறக்கும் வரி, அதன் கீழே ரூட்டைத் தூண்டும் வரி. தலைகீழாக வைத்தால் இல்லாத ரூட்டைத் தேடிவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

இன்டர்னல் சென்சார்களுக்கு இது வேறு மாதிரி. சென்சார் டேபிளில் 'டிஃபால்ட்ஸ்' மெனுவில் தொடக்க நிலையைக் குறிக்க இடம் உண்டு. 'இன்ஆக்டிவ்' வைத்துவிடுங்கள்.

மார்ச் 3, காலை 7.15

செய்முறை. இரண்டு வழி.

சோம்பேறி வழி: டர்ன்அவுட் டேபிளில் 'மோட்' என்ற பத்தியில் டைரக்ட் இருக்கும் இடத்தில் 'டிலேய்டு' போடுங்கள். கட்டளை போனதும் இன்கன்சிஸ்டன்ட் ஆகும், 4 நொடி கழித்துச் சொன்ன நிலைக்கு வரும். வேறு எதுவும் தேவையில்லை. சிக்னல் லாஜிக்கைச் சோதிக்க இதுவே போதும் என்பவர்கள் உண்டு.

முழு வழி: மோடை 'டூசென்சர்' ஆக்குங்கள். ஒவ்வொரு பாயிண்டுக்கும் இரண்டு இன்டர்னல் சென்சார். குளோஸ்டு பக்கத்துக்கு ஒன்று, அதை முதல் பெட்டியில் கொடுங்கள். த்ரோன் பக்கத்துக்கு ஒன்று, அது இரண்டாவது பெட்டி. ஒன்று மட்டும் ஆக்டிவ் ஆக இருந்தால் அந்தப் பக்கம். இரண்டுமே அணைந்திருந்தாலோ இரண்டுமே எரிந்தாலோ இன்கன்சிஸ்டன்ட். பிறகு லாஜிக்ஸில் (ஜே.எம்.ஆர்.ஐ.யில் விதி எழுதும் பகுதி) ஒரு கண்டிஷனல், அதாவது 'இது நடந்தால் அதைச் செய்' என்ற விதி: பாயிண்ட் 1 த்ரோன் ஆனால், குளோஸ்டு சென்சாரை இன்ஆக்டிவ் ஆக்கு, 3 நொடி கழித்து த்ரோன் சென்சாரை ஆக்டிவ் ஆக்கு. எதிர்ப்பக்கத்துக்கும் இதேபோல் ஒன்று. தாமதத்துக்கு 'டிலேய்டு செட் சென்சர்' என்ற செயல் லாஜிக்ஸிலேயே இருக்கிறது.

பெயர் வைக்கும்போது: இன்டர்னல் டர்ன்அவுட் 'ஐடி' என்றுதான் தொடங்கும். ஐடி1, ஐடி2. கம்பெனி ஞாபகம் வந்தால் பொறுப்பு நானில்லை. சென்சார் 'ஐஎஸ்'.

மார்ச் 3, காலை 8.02

மேலே பெட்டிகளை மாற்றி எழுதிவிட்டேன். முதல் சென்சார் த்ரோன் பக்கத்துக்கு, இரண்டாவது குளோஸ்டு பக்கத்துக்கு. ஒரு சென்சார் மட்டும் வைக்கும் முறையிலும் அதே ஒழுங்குதான்: ஆக்டிவ் என்றால் த்ரோன். மாற்றி வைத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. நேர்ப்பாதை கேட்டால் பேனலில் பக்கப்பாதை காட்டும், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு 'இன்வர்ட்டட்' பெட்டியில் டிக் போட்டு யாரும் சரிசெய்யாதீர்கள். அது கட்டளையைத் தலைகீழாக்கும் வசதி, வயர் மாறிய டிகோடருக்காக (கட்டளையை வாங்கிப் பாயிண்ட் மோட்டாரை ஓட்டும் சர்க்யூட்) வைத்தது. லேஅவுட் எடிட்டரில் எந்த நிலை நேர்ப்பாதை என்று மாற்றவும் தனியாக ஒரு அமைப்பு உண்டு. இரண்டையும் மாற்றிவிட்டு எது எதை ரத்து செய்தது என்று தேடுவது நரகம்.

மார்ச் 3, மாலை 6.30 – கேட்டவர்

சொன்னபடி எல்லாம் செய்தேன். பாயிண்டைக் கிளிக் செய்தால் ஒன்றும் நடக்கவில்லை. தெரிந்த நிலை மாறவே இல்லை, கண்டிஷனலும் ஓடவில்லை. வீண் வேலை என்று சொன்னேனா இல்லையா?

மார்ச் 3, மாலை 7.10

தப்பு என்னுடையது. கண்டிஷனலில் 'டர்ன்அவுட் த்ரோன்' என்ற நிபந்தனை பார்ப்பது தெரிந்த நிலையை, கட்டளை நிலையை அல்ல. டூசென்சர் முறையில் தெரிந்த நிலை மாற வேண்டுமானால் சென்சார் மாற வேண்டும். சென்சார் மாறக் கண்டிஷனல் ஓட வேண்டும். கண்டிஷனல் ஓடத் தெரிந்த நிலை மாற வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும்.

அவிழ்க்கும் வழி: லீவரையும் பாயிண்டையும் பிரியுங்கள். நிஜ சிக்னல் கேபினிலும் லீவர் வேறு, வெளியே கிடக்கும் பாயிண்ட் வேறு.

ஐடி101: லீவர். டைரக்ட். கிளிப்பிள்ளையாகவே இருக்கட்டும், லீவரின் வேலையே அதுதான்.
ஐடி1: பாயிண்ட். டூசென்சர். பேனலில் வரைந்த பாதை இதற்கு.
ஐஎஸ்11: த்ரோன் சென்சார். ஐஎஸ்12: குளோஸ்டு சென்சார்.

கண்டிஷனல் அ: ஐடி101 த்ரோன் ஆனால் → ஐடி1-க்கு த்ரோன் கட்டளை, ஐஎஸ்12 இன்ஆக்டிவ், 3 நொடி கழித்து ஐஎஸ்11 ஆக்டிவ்.
கண்டிஷனல் ஆ: ஐடி101 குளோஸ்டு ஆனால் → ஐடி1-க்கு குளோஸ்டு கட்டளை, ஐஎஸ்11 இன்ஆக்டிவ், 3 நொடி கழித்து ஐஎஸ்12 ஆக்டிவ்.

பேனலில் லீவருக்குத் தனி ஐகான் வையுங்கள். கிளிக் செய்ய வேண்டியது அதை. பாயிண்டை நேரடியாகக் கிளிக் செய்வதைத் தடுக்க லேஅவுட் எடிட்டரில் அந்தப் பாயிண்டுக்கு 'டிசேபிள்டு' டிக் போடலாம்.

மார்ச் 4, காலை 6.50

இதிலும் ஓட்டை இருக்கிறது. லீவரை த்ரோன் போட்டு, ஒரு நொடியில் மனம் மாறிக் குளோஸ்டு போட்டுப் பாருங்கள். இரண்டாவது கட்டளை ஐஎஸ்11-ஐ அணைக்கிறது, ஆனால் அதை எரிய வைக்க ஏற்கெனவே ஓடும் டைமர் நிற்கவில்லை. மூன்றாவது நொடியில் ஐஎஸ்11 எரியும், நாலாவது நொடியில் ஐஎஸ்12 எரியும். இரண்டும் ஆக்டிவ், இன்கன்சிஸ்டன்ட், அப்படியே நிற்கும்.

தீர்வு, கண்டிஷனல் ஒவ்வொன்றிலும் முதல் செயலாக எதிர்ப்பக்கச் சென்சாரின் டைமரை ரத்து செய்யுங்கள். 'கேன்சல் டைமர்ஸ் ஃபார் சென்சர்' என்று செயல் இருக்கிறது. அ-வில் ஐஎஸ்12-க்கு, ஆ-வில் ஐஎஸ்11-க்கு. டைமரை ரத்து செய்த பிறகு சென்சாரை அணைக்க வேண்டும். 'டிலேய்டு செட்' இருக்கும் இடத்தில் 'ரீசெட் டிலேய்டு செட் சென்சர்' போட்டால் அதே பக்கத்துக்கு இரண்டு முறை கட்டளை வந்தாலும் டைமர் புதிதாகத் தொடங்கும்.

திரையில் இருக்கும் பாயிண்ட் சிக்காது என்றீர்களே, இது சிக்கியது.

மார்ச் 4, இரவு 9.20

குளோஸ்டு, த்ரோன் என்ற பெயர்களுக்கு என்ன பொருள் என்று கேட்டிருந்தார்கள். குளோஸ்டு என்றால் பாதை மூடியிருக்கிறது என்று பொருள் இல்லை. நாக்கு தன் இயல்பான இடத்தில் ஒட்டியிருக்கிறது, வழக்கமாக நேர்ப்பாதை. த்ரோன் என்றால் மறுபக்கம் தள்ளியது. நம் ரயில்வேயில் இதையே நார்மல், ரிவர்ஸ் என்பார்கள். யூசர் நேம் வைக்கும்போது சென்சாருக்கு 'யார்டு 1 நார்மல்', 'யார்டு 1 ரிவர்ஸ்' என்று வைத்தால் குழப்பம் குறையும். த்ரோன் என்று எழுதினால் துரோணாச்சாரியார் என்று படிப்பவர்களும் இருக்கிறார்கள்.

மார்ச் 5, காலை 7.40

யார்டு ரூட்டுக்கு வருவோம். ஏணி மாதிரி வரிசையாக நாலு பாயிண்ட், அஞ்சு லைன். எப்போதும் பாயிண்ட் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டினால் லைன் எண்ணிக்கை.

லைன் 1: பாயிண்ட் 1 த்ரோன்.
லைன் 2: 1 குளோஸ்டு, 2 த்ரோன்.
லைன் 3: 1, 2 குளோஸ்டு, 3 த்ரோன்.
லைன் 4: 1, 2, 3 குளோஸ்டு, 4 த்ரோன்.
லைன் 5: நாலும் குளோஸ்டு.

கூட்டிப் பார்த்தால் 1+2+3+4+4, மொத்தம் 14 அமைப்பு. நிஜ லேஅவுட்டில் காயில் மோட்டார்களை டையோடு மேட்ரிக்ஸ் (ஒரே பொத்தானில் பல மோட்டாரை இயக்கும் சர்க்யூட்) வைத்து ஓட்டுபவர்கள் சாலிடர் செய்யும் டையோடுகளின் எண்ணிக்கையும் இதே 14. லைன் 1-க்குப் போகும் வண்டி பாயிண்ட் 2-ஐத் தொடவே தொடாது, அதனால் அந்த ரூட்டில் 2, 3, 4-ஐச் சேர்க்காதீர்கள். 'எல்லாவற்றையும் ஒரு நிலைக்குக் கொண்டுவந்தால் அழகாக இருக்கும்' என்று 20 அமைப்பும் போட்டால், லைன் 1-க்கு ரூட் கேட்கும்போது உள்ளே லைன் 4-இல் நகரும் வண்டியின் கீழ் பாயிண்ட் மாறும்.

ரூட் ஒன்றில் கட்டளைகள் ஒரே நேரத்தில் போகாது, ஒன்றன்பின் ஒன்றாகச் சாதாரணமாக 250 மில்லிநொடி இடைவெளியில் போகும். லைன் 4-க்கு முதல் கட்டளை 0-இல், கடைசிக் கட்டளை 0.75 நொடியில். அதன் பின் 3 நொடி நகர்வு. ரூட் தயாராக 3.75 நொடி. முன்பு சொன்ன வேகத்தில் வண்டி அதற்குள் 70 செ.மீ.க்கு மேல் ஓடியிருக்கும். சிக்னலை எங்கே வைக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரியும்.

மார்ச் 5, மதியம் 1.15

ரூட் எடிட்டரில் 'டர்ன்அவுட்ஸ் அலைன்டு சென்சர்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. ரூட்டில் உள்ள எல்லா டர்ன்அவுட்டும் சொன்ன நிலைக்கு வந்ததும் அது ஆக்டிவ் ஆகும். சிக்னலை அதில் கட்டுங்கள். ரூட் 'செட்' ஆனது, ரூட் 'அலைன்' ஆனது, இரண்டும் வேறு.

மார்ச் 5, இரவு 10.05

மதியம் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். லீவர்–பாயிண்ட் பிரிவினையோடு அது ஒத்துப்போகாது. நம் ரூட்டில் இருப்பவை லீவர்கள், ஐடி101 முதல் 104 வரை. அவை டைரக்ட். அலைன்டு சென்சார் பார்ப்பதும் அவற்றைத்தான். கடைசி லீவர் புரண்ட கணத்தில் 'எல்லாம் தயார்' என்று சொல்லிவிடும், பாயிண்ட் இன்னும் பாதி வழியில் இருக்கும். முன்வாசலில் துரத்திய கிளிப்பிள்ளை கொல்லைப்புறமாக வந்துவிட்டது.

லாஜிக்ஸிலேயே இருக்க விரும்பினால் ஒவ்வொரு லைனுக்கும் தனிக் கண்டிஷனல் எழுதுங்கள்: ஐடி1 குளோஸ்டு, ஐடி2 குளோஸ்டு, ஐடி3 த்ரோன் என்றால் ஐஎஸ்203 ஆக்டிவ், இல்லையென்றால் இன்ஆக்டிவ். லைனுக்கு ஒன்று, அஞ்சு கண்டிஷனல். இங்கே தெரிந்த நிலையைப் பார்ப்பதுதான் நமக்கு வேண்டும், முதலில் காலை வாரிய அதே குணம் இப்போது உதவுகிறது.

நாலு பாயிண்டுக்கு இது பரவாயில்லை. லீவர்களுக்கு எட்டு கண்டிஷனல், லைன்களுக்கு அஞ்சு கண்டிஷனல், பாயிண்டுகளுக்கு எட்டு சென்சார், லைன்களுக்கு அஞ்சு சென்சார், நாலு லீவர். நாற்பது பாயிண்டுக்கு இப்படிச் செய்பவருக்கு வேறு வேலை இல்லை என்று பொருள்.

மார்ச் 6, காலை 6.30

ஆகவே லீவரே வேண்டாம், ஒரு ஸ்கிரிப்ட் போதும். ஜே.எம்.ஆர்.ஐ.க்குள் ஓடுவது ஜைத்தான், பைத்தான் 2.7 இலக்கணம். பைத்தான் 3-இல் மட்டும் செல்லும் எழுத்துமுறையைப் போட்டால் முதல் வரியிலேயே விழும்.

அமைப்பு இது. டர்ன்அவுட் மேனேஜரிடமிருந்து முழுப் பட்டியலை வாங்கி, பெயர் ஐடி என்று தொடங்குவதும் ஃபீட்பேக் டூசென்சர் ஆக இருப்பதும் எவை என்று வடிகட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு லிசனர் (மாற்றம் வந்ததும் ஓடும் நிரல் துண்டு). அது கேட்க வேண்டிய மாற்றத்தின் பெயர் 'கமாண்டட்ஸ்டேட்', 'நோன்ஸ்டேட்' அல்ல. லாஜிக்ஸில் கிடைக்காத கட்டளை நிலை இங்கே கிடைக்கிறது. மாற்றம் வந்ததும்:

ஒன்று, அந்தப் பாயிண்டின் இரண்டு சென்சாரையும் இன்ஆக்டிவ் ஆக்கு.
இரண்டு, ஏற்கெனவே அதற்கு டைமர் ஓடினால் நிறுத்து.
மூன்று, 3000 மில்லிநொடிக்கு ஒரு ஸ்விங் டைமர் தொடங்கு. ஒரே முறை அடிப்பதாக அமை, மறந்தால் மூன்று நொடிக்கு ஒரு முறை அடித்துக்கொண்டே இருக்கும்.
நான்கு, டைமர் அடித்ததும் அந்த நேரத்தில் கட்டளை நிலை என்ன என்று பார்த்து அதற்கான சென்சாரை மட்டும் ஆக்டிவ் ஆக்கு. தொடங்கியபோது இருந்த கட்டளையை நினைவில் வைத்துப் பயன்படுத்தாதே.

நாலாவது வரிதான் மார்ச் 4 காலைப் பிரச்சினைக்கு மருந்து.

லிசனருக்குள் 'ஸ்லீப்' போடவே கூடாது. லிசனர் ஓடுவது திரையை வரையும் அதே த்ரெட்டில். மூன்று நொடி தூங்கினால் பேனல் முழுக்க மூன்று நொடி உறையும். ரூட் போட்டால் நாலு பாயிண்டுக்குப் பன்னிரண்டு நொடி. ப்ரோகிராம் தொங்கிவிட்டது என்று மூடிவிட்டு, ஜாவாவைத் திட்டி ஒரு பதிவு போடுவார்கள்.

ஸ்கிரிப்ட்டுடன் ரூட்டில் பாயிண்டுகளையே நேரடியாகச் சேர்க்கலாம், அலைன்டு சென்சார் ஒழுங்காக வேலை செய்யும். ஸ்டார்ட்-அப் வரிசை இனி மூன்று வரி: பேனல் கோப்பு, ஸ்கிரிப்ட், தொடக்க ரூட்.

மார்ச் 6, காலை 6.45

ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு ஒரு கண்ணி. சென்சாரில் ஆக்டிவ் 2, இன்ஆக்டிவ் 4. டர்ன்அவுட்டில் குளோஸ்டு 2, த்ரோன் 4. எண்ணை நேரடியாக எழுதினால் 'த்ரோன் சென்சாரை 4 ஆக்கு' என்று கை தானாக எழுதும், சென்சார் அணையும். பெயரை எழுதுங்கள், எண்ணை அல்ல.

மார்ச் 8, இரவு 8.30

பழுதைச் செயற்கையாக உண்டாக்குவது. இதுதான் இந்த வேலையின் உண்மையான பலன். பாயிண்டுக்கு ஒரு 'சிக்கல்' சென்சார் வையுங்கள், ஐஎஸ்901 மாதிரி. ஸ்கிரிப்ட்டின் நாலாவது படியில், அது ஆக்டிவ் ஆக இருந்தால் எந்தச் சென்சாரையும் தொடாமல் வெளியேறு. பாயிண்ட் இன்கன்சிஸ்டன்டிலேயே நிற்கும். சிக்னல் சிவப்பாக இருக்கிறதா, அலைன்டு அணைந்திருக்கிறதா, டிஸ்பாட்சர் (வண்டிகளை அனுப்பும் பகுதி) வண்டியை அனுப்பாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சென்சாரைக் கையால் எரிய வைக்காமல், ஐம்பதில் ஒரு முறை தானாகத் தவறுமாறு ரேண்டம் எண்ணும் வைக்கலாம். முதலில் கைமுறையே நல்லது. தானாகத் தவறும் ஒன்றில் பிழை உங்கள் லாஜிக்கினுடையதா ரேண்டமினுடையதா என்று தெரியாது.

நம் ரயில்வேயில் நாக்குத் தண்டவாளத்துக்கும் பக்கத் தண்டவாளத்துக்கும் நடுவே, நாக்கு முனையிலிருந்து 150 மி.மீ. தள்ளி, 5 மி.மீ. இரும்புத் துண்டை வைத்து பாயிண்டைப் போட்டுப் பார்ப்பார்கள். பூட்டும் விழக்கூடாது, டிடெக்‌ஷனும் வரக்கூடாது. வந்தால் பாயிண்ட் தேறவில்லை. ஐஎஸ்901 அந்த 5 மி.மீ. துண்டு.

மார்ச் 9, காலை 9.00 – கேட்டவர்

சிக்கல் சென்சாரை எரிய வைத்தேன், பாயிண்ட் நின்றது, சிக்னல் சிவப்பு, எல்லாம் சரி. சென்சாரை அணைத்துவிட்டு மறுபடி த்ரோன் கொடுத்தேன். அசையவில்லை. நாலு முறை கொடுத்தும் அசையவில்லை.

மார்ச் 9, காலை 9.35

அசையாது. கட்டளை நிலை ஏற்கெனவே த்ரோன். த்ரோனிலிருந்து த்ரோனுக்கு மாற்றம் இல்லை, மாற்றம் இல்லாவிட்டால் லிசனருக்குச் செய்தி போகாது. ஒரு முறை குளோஸ்டு போட்டு மறுபடி த்ரோன் போடுங்கள். நிஜ பாயிண்டிலும் சிக்கினால் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பதுதான் வழக்கம், ஆகவே இதைக் குறை என்று சொல்ல மனம் வரவில்லை.

இதன் தொடர்ச்சி: டர்ன்அவுட் டேபிளில் 'ஆட்டோமேட்' என்ற வசதி, பாயிண்ட் சொன்னபடி வராவிட்டால் கட்டளையை மறுபடி மறுபடி அனுப்பும். நிஜ டிகோடருக்கு அது உதவும். நம் ஸ்கிரிப்ட்டுக்கு அதே கட்டளை எத்தனை முறை வந்தாலும் காதில் விழாது. சிமுலேஷனில் அதை அணைத்து வையுங்கள்.

மார்ச் 10, மாலை 5.20

'டிசேபிள் வென் ஆக்குபைடு' (வண்டி இருந்தால் பாயிண்டைத் தடு) டிக் போட்டும் வண்டிக்குக் கீழே பாயிண்ட் மாறுகிறது என்று இன்னொருவர். அந்த டிக் பேனலில் மவுஸ் கிளிக்கை மட்டும்தான் தடுக்கும். ரூட்டோ ஸ்கிரிப்ட்டோ கொடுக்கும் கட்டளை அந்த வாசல் வழியாக வருவதே இல்லை. ரூட்டைத் தடுக்க ரூட்டிலேயே ஏற்பாடு உண்டு. ஒரு ரூட்டுக்கு மூன்று கட்டுப்பாட்டுச் சென்சார் தரலாம். ஒன்றை 'ஆன் ஆக்டிவ்' என்று தூண்டுவதற்கு, மீதி இரண்டை 'வீட்டோ ஆக்டிவ்' என்று தடுப்பதற்கு. தடுப்பில் பிளாக்கின் (பாதையின் ஒரு துண்டு) ஆக்குபன்சி சென்சாரை, அதாவது அங்கே வண்டி இருக்கிறதா என்று சொல்லும் சென்சாரைக் கொடுங்கள். பேனலில் அந்தத் தூண்டும் சென்சாரின் ஐகானையே பொத்தானாக வையுங்கள்.

இரண்டுக்கு மேல் பிளாக் இருந்தால், 'எதிலாவது வண்டி இருந்தால்' என்ற ஒரே கண்டிஷனலால் ஒரே இன்டர்னல் சென்சாரை எரியவிட்டு அதை வீட்டோவில் போடுங்கள்.

மார்ச் 10, மாலை 5.40

டபுள் கிராஸ்ஓவரை (இரு இணைப் பாதைகளை X போல் குறுக்கே இணைப்பது) ஒரே டர்ன்அவுட்டால் ஓட்டலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: லேஅவுட் எடிட்டரில் அதை ஒரே டர்ன்அவுட்டால் ஓட்டினால் எல்லாம் நேராக, அல்லது எல்லாம் குறுக்காக. குறுக்கு நிலையில் இரண்டு மூலைவிட்டமும் நடுவில் வெட்டிக்கொள்கின்றன. பேனல் இரண்டு பாதையும் திறந்திருப்பதாகக் காட்டும், ஒரு வண்டிதான் போக முடியும். ஒரே பிளாக்காக வையுங்கள்.

மார்ச் 12, இரவு 9.15

நாளை நிஜ டிகோடருக்கு மாற நினைப்பவர்கள் இன்றே செய்ய வேண்டியது: ரூட், லாஜிக்ஸ், பேனல் எல்லாவற்றிலும் யூசர் நேமை (நீங்களே வைக்கும் பெயர்) மட்டும் பயன்படுத்துங்கள். ஐடி1 என்பது இன்டர்னல். கட்டுப்பாட்டு அமைப்பு லோகோநெட் என்றால் முன்னெழுத்து எல், என்.சி.இ. என்றால் என், எக்ஸ்பிரஸ்நெட் என்றால் எக்ஸ். யூசர் நேமில் கட்டியிருந்தால் டேபிளில் அந்தப் பெயரை ஐடி1-இலிருந்து புதிய டர்ன்அவுட்டுக்கு 'மூவ்' செய்தால் போதும். சிஸ்டம் நேமில் (ஐடி1 மாதிரி) கட்டியிருந்தால் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

முகவரி விஷயம்: டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) அக்சசரி டிகோடர் ஒன்றுக்கு வழக்கமாக நாலு வெளியீடு. முதல் போர்டு 1 முதல் 4, அடுத்தது 5 முதல் 8. பயன்படுத்தக்கூடிய கடைசி எண் 2044. சில கண்ட்ரோலர்கள் எண்ணை நாலு தள்ளி எண்ணும், குறிப்பாக ரோகோ வழியில் வந்தவை. ஒரு பாயிண்டைத் தட்டினால் நாலு தள்ளி இன்னொன்று அசையும். பாயிண்ட் கெட்டுவிட்டது என்று கழற்றுவதற்கு முன் நாலைக் கூட்டியும் கழித்தும் பாருங்கள்.

மார்ச் 12, இரவு 9.50

பீக்கோ மாதிரி இரட்டைக் காயில் மோட்டார் வாங்கப் போகிறவர்களுக்கு 3 நொடிக் கணக்கு பொருந்தாது. அது ஒரு சொடுக்கு, கண நேரம்தான். ஆனால் கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட் (காயிலுக்கு ஒரே அடியில் மின்சாரம் தருவது) மறுபடி நிரம்ப நேரம் வேண்டும். எளிய சர்க்யூட்டில் 4700 மைக்ரோஃபாரட், 100 ஓம் வழியாக நிரம்பினால் கால மாறிலி 0.47 நொடி, 95 சதவீதம் நிரம்ப அதன் மூன்று மடங்கு, சுமார் 1.4 நொடி. ரூட்டில் 250 மில்லிநொடி இடைவெளியில் நாலு காயிலைத் தட்டினால் முதலாவது துள்ளும், இரண்டாவது முனகும், மீதி இரண்டும் சும்மா இருக்கும். ரூட் எடிட்டரில் கூடுதல் தாமதம் என்ற பெட்டியில் 1150 போடுங்கள், 250-உடன் சேர்ந்து 1400 ஆகும். டிரான்சிஸ்டர் வைத்து வேகமாக நிரப்பும் யூனிட் என்றால் இதைவிடக் குறைவு போதும்.

அந்தத் தாமதத்தையும் இப்போதே சிமுலேஷனில் போட்டுப் பார்க்கலாம். லைன் 4-க்கு 1.4 × 3, கடைசிக் கட்டளை 4.2 நொடியில். டார்டாய்ஸைவிட வேகமான மோட்டாரில் ரூட் டார்டாய்ஸைவிடத் தாமதமாகத் தயாராகிறது.

மார்ச் 14, காலை 7.00

தலைப்பிலிருந்து விலகினாலும்: 'இலவச மென்பொருள்தானே, எடுத்து விற்றால் யார் கேட்பது' என்று எழுதியவருக்கு. இதே ஜே.எம்.ஆர்.ஐ.யை வைத்துத்தான் அமெரிக்காவில் ஜேக்கப்சன் எதிர் கேட்ஸர் வழக்கு நடந்தது. ஜே.எம்.ஆர்.ஐ.யின் பகுதியான டிகோடர்ப்ரோவின் கோப்புகள் எழுதியவர் பெயர் நீக்கப்பட்டு வேறொரு வணிக மென்பொருளில் போனதுதான் வழக்கு. 2008 ஆகஸ்டில் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம், திறமூல உரிமத்தின் நிபந்தனையை மீறினால் அது பதிப்புரிமை மீறலாகவே ஆகலாம் என்றது. 2010-இல் சமரசம். பொம்மை ரயில் மென்பொருள் வழக்கைச் சட்டக்கல்லூரிகளில் படிக்கிறார்கள்.

மார்ச் 15, இரவு 10.10 – கேட்டவர்

ஸ்கிரிப்ட் ஓடுகிறது. ஃபீட்பேக் வீண் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், பாதி மட்டும். ஒன்று மட்டும் புரியவில்லை. லைன் 5-க்கு ரூட் போட்டால் அலைன்டு சென்சார் சில நேரம் உடனே எரிகிறது, தாமதமே இல்லை.

மார்ச் 15, இரவு 10.30

லைன் 5-க்கு நாலும் குளோஸ்டு. தொடக்க ரூட்டும் நாலும் குளோஸ்டு. ஏற்கெனவே அங்கே நிற்கும் பாயிண்ட் நகர வேண்டியதில்லை, உடனே எரிவது சரி. லைன் 4-இலிருந்து 5-க்கு மாற்றிப் பாருங்கள். பாயிண்ட் 4 மட்டும் நகரும், 3 நொடி பிடிக்கும். ரூட்டில் அது கடைசி வரிசையில் இருந்தால் அதற்கு முன் 0.75 நொடி சேரும். லைன் 1-இலிருந்து 5 என்றால், மற்ற மூன்றும் குளோஸ்டில் இருந்தால், முதல் பாயிண்ட்தான் நகரும், 3 நொடிதான். அதிலும் உடனே எரிந்தால் பாயிண்ட் 1-இன் மோட் இன்னும் டைரக்டில் இருக்கிறது, டேபிளைப் பாருங்கள்.

மார்ச் 15, இரவு 10.52 – கேட்டவர்

இருக்கிறது.